இரண்டாம் மலைக் கேமரா

காட்டுத்தீயைக் கண்காணிக்கும் அறைக்கு அவளை வேலைக்கு எடுத்தபோது அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பெண்ணைக் கூப்பிட்டு, பத்து மைல் தள்ளிக் கிளம்பும் புகையைப் பார்க்கச் சொல்கிறார்களே என்று சிரிப்பு. மூன்றே மாதத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. 'கண்ணாடி அக்கா' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அறை மாடியில் இருந்தது. முன்பு பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருந்த இடம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, சுவரில் பெரிய வரைபடம், மேசையில் நான்கு திரைகள். நான்கு திரைகளும் நான்கு மலைகளுக்கு உரியவை. ஒவ்வொரு மலையின் உச்சியிலும் ஓர் இரும்புக் கோபுரம், கோபுரத்தின் தலையில் ஒரு கேமரா. அது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை முழு வட்டமாகச் சுற்றிவரும். எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் படத்தின் மூலையில் டிகிரிக் கணக்கில் காட்டும். வரைபடத்தில் ஒவ்வொரு மலைமீதும் ஓர் ஆணி, ஆணியில் ஒரு சிவப்பு நூல். ஒரு மலையிலிருந்து புகை தெரிந்தால் அந்த டிகிரிக்கு நேராக நூலை இழுக்க வேண்டும். இன்னொரு மலையிலிருந்தும் அதே புகை தெரிந்தால் அந்த நூலையும் இழுக்க வேண்டும். இரண்டும் எங்கே குறுக்கிடுகின்றனவோ அங்கே நெருப்பு. இவ்வளவுதான் வித்தை.

உதவிக்கு ஒரு கணினியும் உண்டு. புகை போல எதைக் கண்டாலும் அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் போடும். மேகம், செங்கல் சூளை, ஆட்டு மந்தை கிளப்பும் புழுதி எல்லாவற்றுக்கும் போடும். அதற்கு அலுவலகத்தில் 'சந்தேகப் பிராணி' என்று பெயர். நெருப்பில்லாமல் புகையாது என்று சொன்னவர் இந்த அறையில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் பழமொழியையே வாபஸ் வாங்கியிருப்பார்.

கண்ணாடி அக்காவின் கணவர் தீயணைப்புத் தண்ணீர் லாரியின் ஓட்டுநர். அவருடைய தங்கைதான் நான்கு கோபுரங்களிலும் ஏறி இறங்கும் தொழில்நுட்பப் பணியாளர். அலுவலகத்தில் அவளை 'ஏணி' என்பார்கள். முப்பத்து நான்கு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். மூவரும் ஒரே வீடு. கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் பாப்பா.

பத்து வாரமாக அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் இரண்டாம் மலைக் கேமரா. அதன் முகப்புக் கண்ணாடி மங்கிப்போய், படம் பனிமூட்டம் போல் தெரிந்தது. அண்ணி அன்றாட அறிக்கையில், "இரண்டாம் கேமரா மங்கல். பராமரிப்பு போதாது" என்று எழுதிவிட்டாள். எழுதியது உண்மைதான். ஆனால் மேலிடத்திலிருந்து பாப்பாவிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. புதுக் கண்ணாடி வேண்டுமென்று அவள் ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிக் கேட்டு, வராமல் காத்திருந்தாள்.

"ஒரே வீட்டுலதானே இருக்கோம்? மாடிப்படி பதினாலே பதினாலு. ஏறி வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?" என்று அன்றைக்குக் கேட்டாள் பாப்பா. கடைசியாகப் பேசியது அதுதான்.

அதற்குப் பிறகு அண்ணன் தபால்காரர் ஆனார். "சாப்பிட வருதான்னு கேளுங்க" என்று அண்ணி சொல்வாள். அவர் படியேறிப் போய்க் கேட்பார். "பசிக்கலன்னு சொல்லுண்ணே" என்று பதில் வரும். இறங்கி வந்து சொல்வார். அந்தப் பத்து வாரத்தில் மனிதர் நன்றாகவே இளைத்திருந்தார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மழை பெய்து நாலு மாதம். மலைச் சரிவுகளில் புல் இடுப்பளவு வளர்ந்து காய்ந்து, கை பட்டால் நொறுங்கும் பதத்தில் நின்றது. ஒருவழியாகப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது என்று பாப்பா விடியும்போதே இரண்டாம் மலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். பத்து மணிக்குக் கேமராவின் இணைப்பைக் கழற்றினாள். அப்போதிலிருந்து இரண்டாம் திரை வெறும் நீலமாக இருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு, முதல் மலைக் கேமரா நூற்று ஐம்பத்திரண்டு டிகிரியைக் கடந்தபோது, வெளிறிய வானத்தில் ஒரு நரைமுடி நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணாடி அக்கா பார்த்தாள். வெள்ளையின் மேல் வெள்ளை. சந்தேகப் பிராணி வாயே திறக்கவில்லை.

சுழற்சியை நிறுத்திவிட்டு, கேமராவைத் திருப்பும் கைப்பிடியை முன்னே தள்ளிப் படத்தைப் பெரிதாக்கினாள். புழுதியாக இருந்தால் அதன் கால் நகரும். கிளம்பிய இடத்தை விட்டுக் காற்றோடு போய்விடும். புகை அப்படியல்ல, ஒரே இடத்தில் கால் ஊன்றி நிற்கும். மனசுக்குள் அறுபது வரை எண்ணினாள். தலை காற்றில் ஆடியது. கால் அசையவில்லை.

"சார், கொஞ்சம் வாங்க."

பக்கத்து அறையிலிருந்து ரேஞ்சர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் போன வாரம்தான் மஞ்சள் கட்டத்தை நம்பி இரண்டு வண்டிகளை ஆட்டு மந்தையை அணைக்க அனுப்பி, மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நூத்தி ஐம்பத்திரண்டா? அதே கோட்டுலதானேம்மா கல்குவாரி இருக்கு. வெடி வைக்கிற நேரம் வேற."

"குவாரி பதினாலு கிலோமீட்டர் சார். இது கிட்ட இருக்கு."

"எப்படிச் சொல்றீங்க?"

"அப்படித்தான் தோணுது."

"தோணுதுன்னு சொல்லி வண்டி அனுப்ப முடியாதும்மா. இன்னொரு மலையிலேர்ந்து ஒரு கோடு குடுங்க. அடுத்த நிமிஷம் அனுப்புறேன்."

மூன்றாம் மலையும் நான்காம் மலையும் முகட்டுக்கு அந்தப் பக்கம். இங்கே எரிவது அங்கே தெரியாது. தெரிந்தால் இரண்டில்தான் தெரியும். இருவரும் நீலத் திரையைப் பார்த்தார்கள்.

"ஏணி மேலதானே இருக்கு? கேளுங்க" என்றார் ரேஞ்சர். அவள் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்கங்கம்மா" என்றார்.

அவள் வயர்லெஸ்ஸை எடுத்தாள். "இரண்டாம் மலை, இரண்டாம் மலை. கட்டுப்பாட்டு அறை."

கரகரப்பு. பிறகு, "இரண்டாம் மலை. சொல்லுங்க."

பத்து வாரத்துக்குப் பிறகு நேராக வந்த முதல் வார்த்தை. அதில் ஈரப்பசையே இல்லை.

"தென்மேற்குப் பக்கம் பாரு. புகை தெரியுதா?"

"கோபுரத்து மேலதான் நிக்கிறேன். ஒரு நிமிஷம்." காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரலிலிருந்து விறைப்பு சட்டென்று கழன்றது. "தெரியுது. நல்லாவே தெரியுது. இப்பத்தான் கிளம்பியிருக்கு. அடியில சிவப்பா ஒரு ஓரம் ஓடுது."

"எத்தனை டிகிரி?"

"இருங்க." மறுபடி காற்று. "போன்ல திசைகாட்டி பாத்தா, கோபுரத்து இரும்பு பக்கத்துல அது பைத்தியம் புடிச்ச மாதிரி சுத்துது."

ரேஞ்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கண்ணாடி அக்கா வயர்லெஸ்ஸை வாயருகே வைத்தபடி, இமைக்காமல் முதல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நரைமுடி இப்போது சடையாகிவிட்டது.

"கிடைச்சிடுச்சு" என்றாள் பாப்பா. "கேமரா உக்கார்ற தட்டுல சுத்திவர டிகிரிக் கோடு வெட்டியிருக்கு. நடுவுல ஸ்க்ரூடிரைவரை வச்சு புகைக்கு நேராப் பாக்கிறேன். இருநூத்தி முப்பத்திமூணு. திரும்பச் சொல்றேன், இருநூத்தி முப்பத்திமூணு."

"குவாரி?"

"குவாரி நூத்தி எழுபத்தஞ்சுல கிடக்கு. அங்க ஒரு பொட்டுத் தூசி இல்ல."

அண்ணி எழுந்து ஒரே எட்டில் வரைபடத்தின் முன் நின்றாள். முதல் நூலை இழுத்தாள். இரண்டாம் நூலை இழுத்தாள். இரண்டும் ஓடையின் கரையில், புல்மேட்டின் அடிவாரத்தில் குறுக்கிட்டன. இரண்டாம் மலையிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர். ஓடை வழியே வடக்கே போனால் முப்பது வீடுகள் கொண்ட குடியிருப்பு.

அவள் விரல் அங்கே படுவதற்குள் ரேஞ்சர் போனில் பேச ஆரம்பித்திருந்தார். எள் என்றால் எண்ணெயாக நின்றார் மனிதர். இரண்டு தண்ணீர் லாரி, ஒரு புல்டோசர், குடியிருப்பில் ஆட்களை வெளியேற்ற ஒரு ஜீப். ஐந்து நிமிடத்தில் எல்லாம் கிளம்பிவிட்டன. முதல் லாரியை ஓட்டிப்போனவர் அவள் கணவர்.

காற்று யாருக்கும் காத்திருக்கவில்லை. வெள்ளையாக இருந்த புகை பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி, கால் மணி நேரத்தில் வடகிழக்காகச் சாய்ந்து, முதல் கேமராவின் கண்ணை மொத்தமாக மறைத்தது. திரை முழுக்கப் புகை. அதற்குப் பின்னால் நெருப்பு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒன்றும் தெரியவில்லை.

"பாப்பா" என்றாள் அவள் வயர்லெஸ்ஸில். வீட்டுப் பெயர் அத்தனை வண்டிகளிலும் கேட்டிருக்கும். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. "காத்து உன் பக்கம்தான் அடிக்குது. உடனே இறங்கு."

"கேமராவை மாட்டிட்டு இறங்குறேன். பத்து நிமிஷம்."

"ஒண்ணும் மாட்ட வேணாம். இறங்கு."

"அண்ணி, முதல் கேமராவுல உங்களுக்கு இப்ப என்ன தெரியுது?"

அவள் முதல் திரையைப் பார்த்தாள்.

"புகைதானே? அந்தப் புகைக்குள்ளதான் அண்ணன் வண்டி போயிட்டிருக்கு. பத்து நிமிஷம் குடுங்க."

ரேஞ்சர் தலையாட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு பதினெட்டு.

"எட்டு நிமிஷம்" என்றாள்.

மேலே என்ன நடக்கிறது என்பதைக் காதால்தான் பார்க்க முடிந்தது. பாப்பா வயர்லெஸ்ஸைத் தோளில் மாட்டி, இடையிடையே முகவாயால் அதன் பொத்தானை அழுத்தினாள் போலிருக்கிறது. மூச்சு, இரும்பில் இரும்பு உரசும் சத்தம், காற்று, எல்லாம் கேட்டன. "கண்ணாடி உக்காந்துடுச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "ஐயோ." பிறகு, "ஒண்ணுமில்ல. நாலு திருகாணில ஒண்ணு கீழ விழுந்துடுச்சு. மூணே போதும். இதையும் அறிக்கைல எழுதிடாதீங்க."

ரேஞ்சர் இருமினார்.

"எழுத மாட்டேன்" என்றாள் அண்ணி. "பாப்பா, அன்னிக்கு நான் படியேறி வந்து உன்கிட்டயே சொல்லியிருக்கணும்."

"இப்பவா அண்ணி இதப் பேசணும்? ஊரே கேக்குது. வயரை மாட்டிட்டேன். திரையப் பாருங்க."

இரண்டாம் திரையின் நீலம் ஒரு முறை துடித்தது. கறுப்பானது. பிறகு சட்டென்று உலகம் அங்கே வந்து நின்றது.

எத்தனை மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு படம். புகை மலைக்கு மேலே எழும்பிப் போக, அதன் அடியில் புல்லின் தாள் தாளாகத் தெரிந்தது. நடுவே, யாரோ கரியால் அழுத்தி இழுத்த கோடு போல எரிந்த நிலம்; அதன் விளிம்பில் தளதளவென்று நெருப்பு. கண்ணாடி அக்கா மூக்குக் கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பயம் இல்லை. பயப்பட நேரம் இல்லை.

நெருப்பு இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு நாக்கு மலை ஏறிக்கொண்டிருந்தது. இன்னொன்று ஓடைச் சாலையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. சாலையில், புகைக்கு நடுவே, ஒரு சிவப்புக் கூரை. அவர் லாரி. அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம் நெருப்பு சாலையைத் தாண்டிவிட்டது.

"ஏங்க, நிறுத்துங்க."

குறியீடு, அழைப்பு எண் எதுவும் இல்லை. ஆனால் லாரி நின்றது.

"என்னம்மா?"

"வளைவுக்கு அந்தப் பக்கம் ரோட்டு மேலயே நெருப்பு. போகாதீங்க."

"இங்க ஒண்ணும் தெரியலையே. வெறும் புகைதான்."

"எனக்குத் தெரியுது. பின்னால எடுங்க. முந்நூறு மீட்டர்ல இடது பக்கம் ஒரு தரைப்பாலம். அதைத் தாண்டிட்டா மாடு மேய்ஞ்சு மொட்டையான நிலம். அது வழியா வீடுகளுக்கு முன்னால போய் நில்லுங்க. நெருப்பு அங்க வர்றதுக்கு இருபது நிமிஷமாவது ஆகும்."

"திரும்ப இடமில்ல. கண்ணாடில ஒண்ணுமே தெரியல."

"நான் சொல்றேன். ஸ்டியரிங்கை நேரா வைங்க. வாங்க. இன்னும் வாங்க. கொஞ்சம் வலது. போதும். நேரா. மெதுவா, பள்ளம் இருக்கு. வாங்க."

ஆறாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி, புகைக்குள், ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருட்டு அறையில் உட்கார்ந்திருந்தவளின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பின்னால் நகர்ந்தது. சிவப்புக் கூரை பாலத்தின் வாயில் திரும்பி, எகிறிக் குதித்து, மொட்டை நிலத்தில் ஏறியது. ஒரு நிமிடம் கழித்து, அது முன்பு நின்ற இடத்தில் நெருப்பு புரண்டது.

"இருபது வருஷமா ஓட்டுறேன்" என்றார் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு. "பொண்டாட்டி பேச்சைக் கேட்டுப் பின்வாங்கினது இதான் முதல் தடவை." லாரியில் இருந்த ஆட்கள் சிரித்தது கேட்டது. சிரிப்பில் நடுக்கம் இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. கேமராவை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

பாப்பா கோபுரத்திலிருந்து இறங்கி, பாதையில் கால்வாசி தூரம் வந்திருந்தாள். அவளுடைய ஆரஞ்சு மேலுடுப்பு புல்லுக்கு நடுவே ஒரு பொட்டாகத் தெரிந்தது. மலைக்கு மேற்கே ஒரே ஒரு பாதைதான். அதன் அடியில்தான் அவள் தன் பைக்கை நிறுத்தியிருந்தாள். நெருப்பின் முதல் நாக்கு அந்த அடிவாரத்தைத் தொட்டுவிட்டது. தட்டையான நிலத்தில் நடந்து வரும் நெருப்பு, சரிவைக் கண்டால் ஓடும். மேலே ஏறும் நெருப்பை எந்த மனிதக் காலும் முந்த முடியாது.

"பாப்பா, நில்லு. கீழ போகாத."

"பைக் கீழதானே இருக்கு?"

"பைக்கை மற. வலது பக்கம் திரும்பு. வடக்குச் சரிவுல ஒரு பாறை இருக்கு."

"பாறையா? நான் பாத்ததே இல்லையே."

"நான் பாத்திருக்கேன். தினம் முந்நூறு தடவை பாக்கிறேன். பெரிய பாறை, ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு. மழை பேஞ்சா பளபளன்னு தெரியும். அது மேல ஒரு புல் கூட முளைச்சது கிடையாது. ஓடு."

ஆரஞ்சுப் பொட்டு ஓட ஆரம்பித்தது.

"இடது பக்கம் விழாத, அங்க சரிவு. முன்னால ஒரு முள்ளுப் புதர், அதைச் சுத்திக்கோ. மேல் பக்கமா சுத்து. இப்ப நேரா. இன்னும் எண்பது அடி இருக்கும். பாக்காத, பின்னால பாக்காத. ஓடு."

"தெரியுது. பாறை தெரியுது."

"ஓரத்துல நிக்காத. நட்ட நடுவுக்குப் போ. தண்ணி வச்சிருக்கியா?"

"அரை பாட்டில்."

"துணியை நனைச்சு மூக்குல கட்டு. குப்புறப் படுத்துக்கோ. முகத்தைக் கைக்குள்ள வச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் எழுந்துக்காத."

"சரி அண்ணி."

அதற்குப் பிறகு திரை ஆரஞ்சாயிற்று. அப்புறம் கறுப்பு. அப்புறம் எதுவுமில்லாத சாம்பல் நிறம்.

"பாப்பா" என்றாள். பதில் இல்லை. "இரண்டாம் மலை, இரண்டாம் மலை." இல்லை.

ரேஞ்சர் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா எங்க இருக்கு?" என்று கேட்டது கணவரின் குரல். பின்னணியில் தண்ணீர் பீய்ச்சும் இரைச்சல்.

"பாறை மேல."

"பேசுதா?"

அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "நீங்க வீடுகளைப் பாருங்க. பாப்பாவை நான் பாத்துக்கறேன்."

நான்கு நிமிடம். அவ்வளவுதான் என்று பிறகு பதிவைப் பார்த்துச் சொன்னார்கள். அவளுக்கு அது நாலு யுகம். கைப்பிடியை ஒரு நூல் கூட நகர்த்தாமல், வடக்குச் சரிவைப் பார்த்தபடியே வைத்திருந்தாள். சாம்பல் நிறம் மெல்ல நீர்த்தது. முதலில் கறுப்பு மலை தெரிந்தது. புல் என்ற ஒன்று அங்கே இருந்த அடையாளமே இல்லை. பிறகு கறுப்புக்கு நடுவே வெளுப்பாகப் பாறை. பாறையின் நடுவில் ஆரஞ்சு நிறம். அசையவில்லை.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். இதற்கு மேல் போகாது என்று இயந்திரம் நின்றது.

ஆரஞ்சிலிருந்து ஒரு கை மேலே எழுந்தது.

"சார்" என்றாள். விரல் திரையைத் தொட்டது. ரேஞ்சர் திரையருகே குனிந்தார்.

"அண்ணி." இருமல். "கேக்குதா? வயர்லெஸ் மேலயே படுத்துட்டேன். அது வயித்துல குத்திட்டே இருந்துச்சு." மறுபடி இருமல். "எழுந்துக்கலாமா? பாறை தோசைக்கல் மாதிரி சுடுது."

"எழுந்துக்கோ" என்றாள் அவள். கண்ணாடிக்குள் கண்ணீர் இறங்கித் திரை கலங்கியது. கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டினாள். வேலை இன்னும் முடியவில்லை. "எரிஞ்ச நிலத்து வழியா மட்டும் நட. மேற்குப் பக்கம் இறங்கு. ஜீப் அனுப்பச் சொல்றேன்." பிறகு, தண்ணீர் இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காதே என்று லாரியைக் கூப்பிட்டாள். "ஏங்க, பாப்பா நல்லா இருக்கு."

லாரியின் ஹாரன் மூன்று தடவை நீளமாக அடித்தது.

மலை உச்சியைத் தொட்ட நெருப்பு அந்தப் பக்கம் இறங்க வேண்டியிருந்தது. இறங்கும் நெருப்புக்கு வேகம் கிடையாது. புல்டோசர் அதற்குள் கிழக்கு அடிவாரத்தில் அகலமாக மண்ணைச் சுரண்டிப் போட்டுவிட்டது. ஓடைப் பக்கத்தில் இரண்டு லாரிகளும் வீடுகளுக்கு முன்னால் நின்று நனைத்துத் தள்ளின. காற்று எப்போதெல்லாம் திரும்பியதோ அப்போதெல்லாம் கண்ணாடி அக்கா முன்கூட்டியே சொன்னாள்: "இடது ஓரம் கிளம்புது. ரெண்டு பேரை அனுப்புங்க." ஐந்து மணிக்கு நெருப்பு நாலா பக்கமும் வளைக்கப்பட்டுவிட்டது. இருநூறு ஏக்கர் புல், ஒரு வைக்கோல் கொட்டகை, பாப்பாவின் பைக் போயின. வீடு ஒன்றுகூடப் போகவில்லை. உயிரும் போகவில்லை. ஒரு குடியானவரின் புல்வெட்டும் இயந்திரம் கல்லில் மோதித் தெறித்த பொறிதான் காரணம் என்று தெரிந்தது. அந்தக் குடியானவர் சாக்கால் அடித்து அணைக்கப் பார்த்து இரண்டு உள்ளங்கையும் வெந்து கிடந்தார். போன் செய்ய அங்கே சிக்னல் இல்லை. யாராவது பார்த்திருக்க மாட்டார்களா என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னாராம்.

மறுநாள் காலை அறையில் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. பாப்பாவுக்குப் புருவம் பாதி கருகியிருந்தது. முழங்கையில் கட்டு. ஒரு வாரம் விடுப்பு எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அவள் கேட்கிற ஆளில்லை.

நெருப்பு அணைந்த பிறகுதான் கண்காணிப்பு கடினம். கறுப்பு நிலத்துக்குள் எங்காவது ஒரு வேர் கனன்றுகொண்டிருக்கும். காற்று வந்தால் கண் விழிக்கும். இரண்டாம் கேமரா மூன்று திருகாணியோடு, கன்னத்தில் புகைக் கறையோடு, வேலை செய்துகொண்டிருந்தது.

"அங்க" என்றாள் பாப்பா. "பாறைக்குக் கீழ."

"அது சாம்பல் பறக்குது. கால் நகருது பாரு."

"சரி, அது?"

கண்ணாடி அக்கா முன்னால் குனிந்தாள். கருகிய மரக்கட்டை ஒன்றின் அடியிலிருந்து நூலாக ஒரு வெள்ளை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். தலை ஆடியது. கால் நகரவில்லை.

"புகைதான்" என்றாள் அண்ணி. "நல்ல கண்ணு உனக்கு. நீயே கூப்பிட்டுச் சொல்லு."

பாப்பா வயர்லெஸ்ஸை எடுத்தாள். "லாரி ஒண்ணு, லாரி ஒண்ணு. இருநூத்தி நாப்பத்தொண்ணு டிகிரி, பாதைக்கு இடது பக்கம் ஒரு கட்டை புகையுது. பாத்துட்டு வாண்ணே."

"இப்பத்தான் டீ குடிக்க உக்காந்தேன்."

"டீ ஆறாது. கட்டைதான் ஆறணும். கிளம்பு."

மத்தியானத்துக்குள் இப்படி ஏழு கட்டைகள் கிடைத்தன. எட்டாவதைத் தேடும்போது பாப்பா நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். அண்ணி தன் துப்பட்டாவை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டு, கைப்பிடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். வெளியே காற்று எழும்பிக்கொண்டிருந்தது. அவள் கேமராவைச் சுழலவிட்டாள். தொண்ணூறு. நூற்றுப் பத்து. நூற்று முப்பது. சந்தேகப் பிராணி ஒரு மேகத்துக்கு மஞ்சள் கட்டம் போட்டது. அவள் அதை அழித்துவிட்டு அடுத்த திசைக்குப் போனாள்.